ஆங்கிலப் பாட்டு வரிகளை வைத்து ஆங்கிலம் பழகுவது எப்படி?

ஆங்கிலச் செய்தித்தாளைத் தடுமாறாமல் படிக்கிறவர்கூட ஆங்கிலப் பாட்டு ஒன்றைக் கேட்டால் விழிப்பார். அதே வரியை எழுதிக் காட்டினால், "அட, இதுதானா!" என்பார். அந்த வரியில் அவருக்குத் தெரியாத சொல் ஒன்றுகூட இருக்காது. பள்ளிக்கூடத்தில் நமக்கு ஆங்கிலம் கண் வழியாக வந்தது. சொல்லுக்குச் சொல் இடம் விட்டு அச்சான மொழி அது. வாயில் வரும்போது அந்த இடைவெளி கிடையாது. சொற்கள் ஒட்டும், சில எழுத்து மாறும், சில காணாமலே போகும்.

இந்தக் குறையைத் தீர்க்கப் பாட்டைப் போல வசதியானது வேறில்லை. பல்லவி ஒரே பாட்டில் மூன்று நான்கு தடவை திரும்பி வரும். ஐம்பது முறை போட்டுக் கேட்டாலும் பாடகர் அலுத்துக்கொள்ள மாட்டார். ஆனால் பாட்டால் ஆகாத வேலையும் உண்டு. கட்டுரை எழுதவோ, அலுவலகக் கடிதம் எழுதவோ அது கற்றுத்தராது. காதும் நாக்கும் பழகுவதற்கான பயிற்சி என்ற அளவில் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

எந்தப் பாட்டு?

பிடித்த பாட்டு என்பதற்காக மட்டும் எடுக்காதீர்கள். ஒரு வாரம் அதோடு குடும்பம் நடத்தப் போகிறீர்கள். சில அளவுகளைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது நல்லது.

மூன்று முதல் நான்கு நிமிடப் பாட்டு போதும். வரிகளை எண்ணிப் பார்த்தால், திரும்ப வரும் பல்லவியைக் கழித்து 120 முதல் 180 சொற்களுக்குள் இருக்கட்டும். வேகம் நடைவேகத்தைத் தாண்டக் கூடாது: பாட்டைப் போட்டுக்கொண்டு அறைக்குள் நடந்து பாருங்கள், கால் இயல்பாகத் தாளத்தில் விழுந்தால் சரி, ஓட வேண்டியிருந்தால் வேறு பாட்டு. குரல் முன்னால் நின்று, கிட்டாரோ பியானோவோ பின்னால் மெல்ல வருவதாக இருந்தால் மெய்யெழுத்துகள் தெளிவாகக் கேட்கும். டிரம்ஸ் அதிரும் பாட்டில் அவைதான் முதலில் அடிபட்டுப் போகும். ராப்பை ஆறு மாதத்துக்குத் தள்ளி வையுங்கள்.

கடைசிச் சோதனை: முதல் சரணத்தை வரி பார்க்காமல் ஒரு முறை கேளுங்கள். மூன்றில் ஒரு பங்காவது பிடிபட வேண்டும். ஒன்றுமே பிடிபடாவிட்டால் பாட்டு கடினம். முழுக்கப் பிடிபட்டால் அதில் படிக்க ஒன்றுமில்லை.

யாரிடமிருந்து தொடங்கலாம் என்றால், உச்சரிப்புத் தெளிவுக்குக் கார்பென்டர்ஸ் என்ற அமெரிக்க அண்ணன்-தங்கை இணையின் கேரன் கார்பென்டர் நல்ல தேர்வு. இந்தியாவிலும் இலங்கையிலும் பழைய தலைமுறை விரும்பிக் கேட்ட அமெரிக்கப் பாடகர் ஜிம் ரீவ்ஸ் இன்னும் நிதானம். 1974இல் யூரோவிஷன் என்ற ஐரோப்பியப் பாட்டுப் போட்டியை வென்ற அபா குழுவினருக்கு ஆங்கிலம் தாய்மொழி அல்ல, ஸ்வீடன்காரர்கள். சொல்லை எண்ணி வைத்த மாதிரி பாடுவார்கள். இவையெல்லாம் பழசு என்று தோன்றினால், கதை சொல்லும் 'கன்ட்ரி' என்ற அமெரிக்க நாட்டுப்புற வகைப் பாடல்களில் இன்றைய பாடகர்கள் யாரையாவது எடுத்துக்கொள்ளுங்கள். கதைப்பாட்டில் இறந்தகால வினைகள் கொட்டிக் கிடக்கும்.

ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக் ஆகியவற்றில் பாட்டின் பெயரருகே ஒரு சிறிய கட்டத்துக்குள் 'ஈ' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அதில் கொச்சைச் சொற்கள் இருக்கின்றன என்று பொருள். பிள்ளைகளோடு உட்காருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

கையில் இருக்க வேண்டியவை அதிகமில்லை. ஒரு நோட்டு, பென்சில், சிவப்புப் பேனா, இயர்போன். போன் ஸ்பீக்கரில் கேட்டால் மின்விசிறிச் சத்தத்திலேயே சொல்லின் கடைசி மெய் கரைந்துவிடும், அதனால் இயர்போன் கட்டாயம். ஒரு பாட்டுக்கு ஒரு வாரம், நாளுக்கு இருபது இருபத்தைந்து நிமிடம்.

முதல் இரண்டு நாள்: தாளைத் தொடாதீர்கள்

பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். பாட்டைப் போட்டதுமே வரிகளைத் திறந்துவிடுகிறார்கள். வரி கண்ணில் பட்டுவிட்டால் காது வேலை செய்வதை நிறுத்திவிடும்; கேட்பதாக நினைத்துக்கொண்டு படித்துக்கொண்டிருப்பீர்கள்.

முதல் நாள் பாட்டை முழுதாக மூன்று முறை கேளுங்கள். எழுத வேண்டாம். யார் யாரிடம் பேசுகிறார், கோபமா ஏக்கமா, நடந்ததா நடக்கப்போவதா என்று ஊகித்துத் தமிழில் இரண்டு வரி குறித்து வையுங்கள்.

இரண்டாம் நாள் முதல் சரணமும் பல்லவியும் மட்டும். ஒரு வரி ஓடியதும் நிறுத்தி, காதில் விழுந்ததை எழுதுங்கள். புரியாத இடத்தில் கோடு போட்டு இடம் விடுங்கள், எத்தனை அசை (ஆங்கிலத்தில் 'சிலபிள்') விழுந்தது என்று மட்டும் கோட்டின் மேல் புள்ளி வையுங்கள். மூன்று புள்ளி என்றால் மூன்று அசை. பிறகு ஒப்பிடும்போது இந்தப் புள்ளிகள் உதவும். யூடியூபில் பின்னால் போக, கணினியில் இடப்பக்க அம்புக்குறி ஐந்து விநாடி, போனில் திரையின் இடப்பக்கம் இருமுறை தட்டினால் பத்து விநாடி. வேகத்தை 0.75க்குக் குறைக்கலாம். 0.5க்குப் போகாதீர்கள், குரல் இழுபட்டு, கேட்க வேண்டிய ஒலியே சிதைந்துவிடும். ஒரே வரியை ஐந்து முறைக்கு மேல் கேட்டும் பிடிபடாவிட்டால் விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள்.

தப்பாக எழுதுவதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை, ஆங்கிலம் தாய்மொழியானவர்களுக்கே அது நடக்கிறது. பாட்டு வரியைப் பிறழக் கேட்பதற்கு ஆங்கிலத்தில் 'மாண்டகிரீன்' என்றே பெயர் உண்டு. பழைய ஸ்காட்லாந்துக் கதைப்பாட்டு ஒன்றில் 'லெய்ட் ஹிம் ஆன் த கிரீன்', அதாவது புல்வெளியில் கிடத்தினார்கள் என்று வரும் இடத்தை, 'லேடி மாண்டகிரீன்' என்ற சீமாட்டி என்று சிறுவயதில் கேட்டுக்கொண்டிருந்த அமெரிக்க எழுத்தாளர் சில்வியா ரைட் 1954இல் எழுதிய கட்டுரையில் வைத்த பெயர் அது.

மூன்றாம் நாள்: சிவப்புப் பேனா

இப்போது வரிகளைத் திறக்கலாம். இணையத்தில் கிடைக்கும் வரிகள் பலவும் ரசிகர்கள் கேட்டு எழுதியவை, பிழை இருக்கும். இரண்டு இடங்களில் பார்த்து ஒப்பிடுங்கள். யூடியூப் தானாகப் போடும் எழுத்துகளைப் பாட்டுக்கு நம்பவே வேண்டாம்.

நீங்கள் எழுதியதற்குக் கீழே சரியான வரியைச் சிவப்பில் எழுதி, ஒவ்வொரு பிழையும் ஏன் வந்தது என்று பாருங்கள். காரணம் இரண்டுதான் இருக்க முடியும். ஒன்று, சொல்லே தெரியாது. அது எளிது, அகராதி இருக்கிறது. மற்றது, சொல் தெரியும், ஆனால் அந்த வேஷத்தில் அடையாளம் தெரியவில்லை. இந்த இரண்டாவது வகைக்காகத்தான் இவ்வளவு சிரமமும்.

அந்த வேஷத்தைப் புரிந்துகொள்ளத் தமிழ் படித்தவருக்குத் தயாராக ஒரு கருவி இருக்கிறது: எட்டாம் வகுப்பிலோ ஒன்பதாம் வகுப்பிலோ முணுமுணுத்துக்கொண்டே படித்த புணர்ச்சி விதி. "உடல்மேல் உயிர்வந்து ஒன்றுவது இயல்பே" என்று நன்னூல் சொல்வதை ஆங்கிலம் அப்படியே செய்கிறது. தமிழ், அமுது சேர்ந்தால் தமிழமுது. 'பிக் இட் அப்' சேர்ந்தால் 'பிக்கிடப்'. நாம் எழுதும்போதும் சேர்த்தே எழுதிவிடுகிறோம், அவர்கள் பிரித்து எழுதிவிட்டுச் சேர்த்துச் சொல்கிறார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

விகாரம் மூன்றும்கூட அங்கே உண்டு. தோன்றல்: மணி அடித்தது என்பது மணியடித்தது ஆவதுபோல 'சீ இட்' என்பது 'சீயிட்'; பூ அழகு பூவழகு ஆவதுபோல 'டூ இட்' என்பது 'டூவிட்'. இகர ஈகாரத்துக்குப் பின் யகரம், உகர ஊகாரத்துக்குப் பின் வகரம் என்ற நம் உடம்படுமெய்க் கணக்கு அங்கேயும் பொருந்துவதைக் கவனியுங்கள். திரிதல்: 'டிட் யூ' என்பது 'டிஜு', 'மீட் யூ' என்பது 'மீச்சு'. கெடுதல்: 'லாஸ்ட் பஸ்' என்பதில் நடு 'ட்' விழுந்து 'லாஸ்பஸ்', 'டெல் ஹிம்' என்பதில் 'ஹ' விழுந்து 'டெலிம்'.

அமெரிக்கப் பாடகர்கள் 'கெட் இட்' என்பதை 'கெடிட்' என்று சொல்வார்கள். அந்த 'டி' நம் 'படி' என்ற சொல்லில் வரும் 'டி'தான். இரண்டு உயிருக்கு நடுவே தனி வல்லினம் மெலிந்து ஒலிப்பது நமக்குப் பழக்கமான விஷயம், பயப்பட ஒன்றுமில்லை.

நான்கு வரியை நெருங்கிப் பார்ப்போம்

எடுத்துக்காட்டுக்காக இங்கேயே கட்டிய நான்கு வரிகள் இவை. எந்தப் பாட்டிலிருந்தும் எடுத்ததல்ல.

ஐ ஷுட் ஹாவ் டோல்ட் யூ அபௌட் இட்,
யூ வேர் ஸ்டாண்டிங் இன் த ரெய்ன்.
ஐ வாஸ் கோயிங் டு கால் யூ அப்,
பட் த லாஸ்ட் பஸ் கேம் அண்ட் வென்ட்.

அச்சில் இப்படி. பாடும்போது காதில் விழுவது ஏறக்குறைய இப்படி:

அ ஷுடவ் டோல்ஜு அபௌடிட்,
யு வ ஸ்டாண்டிங்கின் த ரெய்ன்.
அ வஸ் கனா கால்யுவப்,
ப த லாஸ்பஸ் கேமன் வென்ட்.

முதல் வரியில் 'ஹாவ்' என்ற சொல் 'அவ்' என்று சுருங்கிவிட்டது. இதை 'ஆஃப்' என்று கேட்டு எழுதுகிறவர்கள் ஏராளம். ஆங்கிலேயப் பிள்ளைகளே பள்ளிக்கூடத்தில் அப்படி எழுதித் திட்டு வாங்குகிறார்கள். 'ஷுட் ஹாவ்' என்பதோடு வினையின் மூன்றாம் வடிவம் சேர்ந்தால், செய்திருக்க வேண்டிய ஒன்றைச் செய்யவில்லை என்ற வருத்தம். தமிழில் 'சொல்லியிருக்கணும்'. வேறு விளக்கமே வேண்டாம், அந்த ஒரு சொல்லை நோட்டில் எதிரே எழுதுங்கள்.

மூன்றாம் வரியின் 'கனா' நம் கனவல்ல, 'கோயிங் டு' தேய்ந்து வந்தது. 'வாஸ் கோயிங் டு' என்றால் 'கூப்பிடத்தான் இருந்தேன்', ஆனால் கூப்பிடவில்லை. 'கால் அப்' என்பதை 'மேலே கூப்பிடு' என்று பெயர்த்தால் ஒன்றும் விளங்காது. இரண்டும் சேர்ந்து போனில் அழைப்பதைக் குறிக்கும், நடுவில் 'யூ' புகுந்துகொள்ளும். கடைசி வரியின் 'கேம் அண்ட் வென்ட்' வந்தது, போனது என்ற வெறும் கணக்கல்ல. நின்றவர் ஏறவில்லை என்பதும் அதற்குள் இருக்கிறது.

பதினைந்து நிமிடத்தில் நான்கு வரி இவ்வளவு தருகிறது. முழுப் பாட்டையும் இப்படிப் பிரிக்க ஆசைப்படாதீர்கள். பல்லவியும் ஒரு சரணமும் போதும்.

'கேன்', 'கான்ட்' குழப்பத்துக்கு மட்டும் தனியாக ஒரு குறிப்பு, ஏனென்றால் இதில் பொருளே தலைகீழாகிவிடும். 'கான்ட்' என்பதன் கடைசி 'ட்' பாட்டில் பெரும்பாலும் கேட்காது. அதைத் தேடாதீர்கள், அழுத்தத்தைத் தேடுங்கள். 'முடியும்' என்றால் அந்தச் சொல் 'கன்' என்று நசுங்கி, அடி அடுத்த வினையில் விழும். 'முடியாது' என்றால் அந்தச் சொல்லின் மேலேயே அடி விழும்.

தாளம் தட்டுங்கள்

நான்காம் நாள் கைக்கு வேலை. தமிழில் குறில் நெடில்தான் ஓசையின் கணக்கு. 'படம்' என்பதற்கும் 'பாடம்' என்பதற்கும் உள்ள தூரத்தை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆங்கிலத்தில் கணக்கு அழுத்தத்தின் மேல். கைதட்டிக்கொண்டே இந்த மூன்றையும் சொல்லிப் பாருங்கள்:

டாக்ஸ் சேஸ் கேட்ஸ்.
த டாக்ஸ் ஆர் சேசிங் த கேட்ஸ்.
த டாக்ஸ் ஹாவ் பின் சேசிங் த கேட்ஸ்.

மூன்றுக்கும் மூன்றே தட்டு: டாக்ஸ், சேஸ், கேட்ஸ். முதல் வாக்கியத்தில் மூன்று அசை, கடைசியில் எட்டு. ஆனாலும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் முடிய வேண்டும். 'ஹாவ் பின்' என்பதெல்லாம் தட்டுகளுக்கு நடுவே நசுங்கித்தான் போக வேண்டும். நாம் எல்லா அசைக்கும் சம மரியாதை கொடுத்துப் பேசுவதால்தான், இலக்கணம் சரியாக இருந்தும் கேட்பவர் நெற்றியைச் சுருக்குகிறார்.

பாட்டில் அழுத்தம் விழும் அசை பெரும்பாலும் தாளத்தின் அடியில் உட்காரும். பாட்டை ஓடவிட்டு மேசையில் தட்டுங்கள். தட்டு விழும் அசைக்கு அடியில் கோடு போடுங்கள். பெயரும் வினையும் அடைமொழியும் கோடு வாங்கும். 'த', 'டு', 'ஆஃப்', 'அண்ட்' வாங்காது. எப்போதாவது மெட்டுக்காகத் தவறான அசையில் அழுத்தம் விழுவதும் உண்டு. சந்தேகம் வந்தால் அகராதியில் ஒலிபெருக்கிக் குறியைத் தட்டிக் கேளுங்கள். கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்ஃபோர்டு கற்போர் அகராதிகள் இரண்டும் பிரிட்டிஷ், அமெரிக்க உச்சரிப்பைத் தனித்தனியே இலவசமாகத் தருகின்றன.

நோட்டில் எதை எழுதுவது?

தனிச் சொல்லாக எழுதாதீர்கள், சொற்றொடராக எழுதுங்கள். ஒரு பாட்டுக்கு ஐந்து, மிஞ்சினால் ஏழு. முப்பது சொல் எழுதிய நோட்டை யாரும் திரும்பத் திறப்பதில்லை.

ஒவ்வொன்றின் எதிரேயும் தமிழில் அந்த இடத்தில் நாம் என்ன சொல்வோமோ அதை எழுதுங்கள், அகராதிப் பொருளை அல்ல. கீழே உங்கள் வீடு, வேலை, தெரு சம்பந்தமாக ஒரு சொந்த வாக்கியம்: 'ஐ வாஸ் கோயிங் டு பே த கரன்ட் பில்' என்பதுபோல. ('கரன்ட் பில்' நம்மூர் ஆங்கிலம், வெளியூரில் 'எலக்ட்ரிசிட்டி பில்' என்றால்தான் விளங்கும்.)

எதைப் பொறுக்குவது என்பதற்கு அகராதியே வழிகாட்டும். சொல்லின் பக்கத்தில் ஏ1 (மிக எளிது) முதல் சி2 (மிகக் கடினம்) வரை ஒரு நிலைக்குறி இருந்தால், பி1 வரை உள்ளவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். இலக்கிய வழக்கு, பழைய வழக்கு, கொச்சை என்று குறிப்பிட்டிருப்பதைப் புரிந்துகொண்டு விட்டுவிடுங்கள். கவிஞர் நிலாவுக்குச் சொன்ன அடைமொழியை மேலாளருக்குச் சொல்ல முடியாது.

பாட்டு வரிகளைத் தமிழ் எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்யும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். ஆட்டுக்கும் மேல்சட்டைக்கும் தமிழில் ஒரே 'கோட்'தான். இந்தக் கட்டுரை தமிழ் எழுத்தில் காட்டுவது புணர்ச்சி விளங்குவதற்காக மட்டுமே. உங்கள் நோட்டில் ஆங்கில எழுத்திலேயே இருக்கட்டும்.

பாட்டிலக்கணம் வேறு

'ஷீ டஸன்ட்' என்று வர வேண்டிய இடத்தில் 'ஷீ டோன்ட்' வரும். 'இஸ் நாட்', 'ஆர் நாட்', 'ஹாவ் நாட்' வர வேண்டிய இடங்களில் 'எய்ன்ட்' வரும். 'ஐ டோன்ட் நீட் நோ மணி' என்று இரண்டு எதிர்மறை அடுத்தடுத்து வரும். கணக்குப்படி இரண்டும் சேர்ந்து உடன்பாடு ஆகாது, 'பணமே வேண்டாம்' என்று அழுத்திச் சொல்வதுதான் பொருள். இவை பாடகரின் அறியாமை அல்ல. அமெரிக்கத் தென்பகுதியிலும் கறுப்பின மக்களிடமும் லண்டன் உழைப்பாளிகளிடமும் வீட்டில் புழங்கும் பேச்சு வழக்கு. நம் பாட்டில் 'இன்னா' வருவதைப் போலத்தான். கேட்டால் புரிய வேண்டும், நேர்காணலில் சொல்லக் கூடாது. நோட்டில் இவற்றுக்கு அருகே காது படம் ஒன்றைப் போட்டுவிடுங்கள்: கேட்க மட்டும்.

வரிகளின் கடைசி ஓசை ஒத்து வருவதற்காக (இயைபு) சொல் இடம் மாறியிருப்பதும் உண்டு. வரி விசித்திரமாகத் தோன்றினால், வினையைப் பெயருக்கு அடுத்து நகர்த்தி எழுதிப் பாருங்கள்.

கடைசி மூன்று நாள்: வாய்

பாடகரோடு சேர்ந்து பாடுங்கள், முதலில் முணுமுணுப்பாக, பிறகு குரல் விட்டு. சுருதி பிசகினால் பரவாயில்லை, தாளம் பிசகக் கூடாது. வரி வாயில் நுழையாவிட்டால் கடைசியிலிருந்து கட்டுங்கள்: 'வென்ட்', 'கேமன் வென்ட்', 'லாஸ்பஸ் கேமன் வென்ட்'. முன்னாலிருந்து கட்டினால் கடைசிச் சொற்கள் எப்போதும் தடுமாறும், பின்னாலிருந்து கட்டினால் பழகிய இடத்தில் போய் முடியும்.

நமக்கென்று இருக்கும் மூன்று பழக்கங்களை இங்கே களையுங்கள். 'பேக்', 'கப்' என்று மெய்யில் முடியும் சொல்லுக்குப் பின்னால் ஒரு குற்றியலுகரம் ஒட்டிக்கொண்டு 'பேக்கு', 'கப்பு' ஆகிவிடும். பாட்டில் அந்த உகரத்துக்கு இடமில்லை, போட்டால் அடுத்த தட்டைத் தவறவிடுவீர்கள். 'எவ்ரி' என்பதை 'யெவ்ரி' என்று தொடங்குவது இரண்டாவது. மூன்றாவது 'வ'. 'வெரி' என்பதற்கு மேல்பல் கீழுதட்டைத் தொட வேண்டும், 'வென்ட்' என்பதற்குத் தொடாமல் உதடு குவிய வேண்டும். கண்ணாடி முன் சொன்னால் தெரிந்துவிடும்.

பிறகு மெட்டைக் கழற்றுங்கள். பாட்டில் ஒரு உயிர் நான்கு எண்ணிக்கைக்கு நீளும், பேச்சில் அப்படி இழுத்தால் சிரிப்பார்கள். வரியைப் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வதுபோலச் சொல்லிப் போனில் பதிவு செய்து, பாடகரின் பதிவோடு தட்டுகளை ஒப்பிடுங்கள். முழுப் பாட்டையும் பிழையில்லாமல் பாடுகிறவரிடம் மூன்றாம் வரியை மட்டும் கேட்டால் முதலிலிருந்து பாடித்தான் அதை எட்டுவார். சொற்கள் மெட்டோடு பின்னிக் கிடக்கின்றன. அந்தப் பின்னலைப் பிரிக்க, வரிகளைக் கலைத்துச் சொல்லுங்கள், 'ஐ' இருக்கும் இடத்தில் 'ஷீ' போடுங்கள், நடந்ததை நடக்கப்போவதாக மாற்றுங்கள், வரியைக் கேள்வியாக்குங்கள். 'ஷுட் ஐ ஹாவ் டோல்ட் யூ?' என்று தடுக்காமல் வந்துவிட்டால் அந்த வரி உங்களுடையது.

வாரம் முடிந்ததும் அடுத்த பாட்டு. ஒரே பாடகரிடமே இன்னொன்றை எடுத்தால் அவர் குரலுக்குப் பழகிய காது சீக்கிரம் ஓடும். நான்கு பாட்டுக்குப் பின் ஆளை மாற்றுங்கள், பெண் குரலுக்கு அடுத்து ஆண் குரல், அமெரிக்கருக்கு அடுத்து பிரிட்டிஷ்காரர். மாதம் முடிந்ததும் முதல் பாட்டின் பல்லவியை வெறும் தாளில் மறுபடி கேட்டு எழுதி, இரண்டாம் நாள் எழுதிய பக்கத்தோடு ஒப்பிடுங்கள். மனப்பாடம் ஆகிவிட்டதால் எழுதினேனோ என்ற சந்தேகம் வரும். அதற்கு, அதே பாடகரின் கேட்டறியாத பாட்டு ஒன்றின் முதல் சரணத்தையும் அன்றே எழுதிப் பாருங்கள். கோடு போட்டுவிட்ட இடங்களை எண்ணித் தேதியோடு நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்து வையுங்கள், அடுத்த மாதம் அந்த எண்ணைத் தேடுவீர்கள்.